படை அதிகாரிகளின் ஓவியங்களில் சென்னை, புதுச்சேரி நகர வாழ்க்கை

ஐரோப்பியப் படை அதிகாரிகள் பலர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தமிழகக் கடற்கரை நகரங்களை ஓவியங்களாக வரைந்தனர். நிழற்படக் கலை 1839இல்தான் உலகுக்கு அறிமுகமானது. எனவே அதற்கு முந்தைய நகர வாழ்க்கையை அறிய இவை முக்கியச் சான்றுகள் ஆகும்.

வரைந்ததன் காரணம்

கோட்டை, ஆறு, கணவாய் ஆகியவற்றை வரைந்து காட்டுவது அன்றைய பீரங்கிப் படை, பொறியியல் படை அதிகாரிகளின் பணிகளில் ஒன்று. இங்கிலாந்தின் வூல்விச் படைப்பள்ளியிலும், 1809இல் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கிய அடிஸ்கோம்ப் பள்ளியிலும் ஓவியம் ஒரு பாடமாக இருந்தது. போருக்காகக் கற்ற கலையை ஓய்வு நேரத்தில் தெருவை வரையவும் பயன்படுத்தினர்.

சில எடுத்துக்காட்டுகள்

பீரங்கிப் படையின் கேப்டன் சார்லஸ் கோல்டு 1791 முதல் 1798 வரை வரைந்த படங்கள் 1806இல் லண்டனில் நூலாக வந்தன. திப்பு சுல்தானின் வீரர்களோடு பாம்பாட்டி, பண்டாரம் போன்ற எளிய மக்களும் அதில் உள்ளனர். மாட்டின் மேல் அமர்ந்து பிச்சை கேட்கும் கால் ஊனமுற்றவரின் படம், தஞ்சாவூர் ஓவியர் ஒருவரின் படத்தைப் பார்த்து வரையப்பட்டது.

பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி எட்மண்ட் பாரி, 'லா ஃபவோரித்' கப்பலில் 1830இல் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் வந்தார். இரு நகரங்களிலும் அப்போது துறைமுகம் இல்லை. கப்பல்கள் ஆழ்கடலில் நிற்க, ஆட்களும் சரக்கும் அலைகளைக் கடந்து படகில் கரை சேர்ந்தனர். கயிற்றால் பலகைகளைத் தைத்த அந்தப் படகைப் புதுச்சேரியில் சலங்கு என்றும், சென்னையில் மசூலாப் படகு என்றும் அழைத்தனர். ஆணி அடித்த படகு அலையில் மோதிப் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். இத்தகைய படகுகளையும் கட்டுமரங்களையும் பாரி அளவுகளுடன் வரைந்தார்.

பார்க்க வேண்டிய முறை

இப்படங்களை அப்படியே உண்மை எனக் கொள்ளக் கூடாது. லண்டன் அச்சுக்கூடத்தில் செதுக்குபவரின் கைபட்டுச் சில விவரங்கள் மாறியிருக்கலாம். அயலாருக்குப் புதுமையாகத் தோன்றியவையே அதிகம் வரையப்பட்டன. அதிகாரியின் பெயர் நூலின் முகப்பில் இருக்கிறது. படத்தில் நிற்பவருக்கோ தொழிலின் பெயர் மட்டுமே உண்டு. மூலப்படம் தந்த தஞ்சாவூர் ஓவியரும் ஊர்ப்பெயராலேயே அறியப்படுகிறார்.

ஆயினும், படகு தைத்தவரும் துடுப்புப் போட்டவரும் தம்மைப் பற்றி எழுதி வைக்கவில்லை. அவர்களின் உடை, கருவி, உழைப்பு ஆகியவற்றை இன்று நாம் காண்பதற்கு இப்படங்களே பெரிதும் உதவுகின்றன.