புதுத் தொட்டியில் மீன்கள் ஏன் மடிகின்றன?

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்க முயன்ற பலருக்கும் ஒரு கசப்பான அனுபவம் இருக்கும். புதுத் தொட்டி, அலசிப் போட்ட மணல், பளிங்கு போன்ற நீர். மீன்களை விட்ட முதல் இரண்டு நாளும் வீடே தொட்டியின் முன் கூடியிருக்கும். நான்காம் நாள் ஒரு மீன் நீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். மறுநாள் காலையில் மல்லாந்து மிதக்கும். அதன் பிறகு தினம் ஒன்று, சில நாள் இரண்டு.

வெம்பக்கோட்டையில் எங்கள் வீட்டிலும் இப்படித்தான் நடந்தது. எங்கள் வீட்டில் மீன்கள் செத்ததோடு நிற்கவில்லை, ஒரு பழியும் வந்து சேர்ந்தது.

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்காக மதுரையிலிருந்து பன்னிரண்டு மீன்கள் வாங்கி வந்தேன். எதிர்வீட்டு அம்மாள் பட்டாசு ஆலையில் வேலை செய்பவர். அன்று மாலை வேலை முடிந்து வந்த கையோடு, தொட்டிக்குள் கற்களை அழகாக அடுக்கிக் கொடுத்தார். அவருடைய மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. ஐந்தாவது மீன் செத்த அன்று என் தாயார், "மருந்துக் கையைத் தண்ணிக்குள்ளே விட்டா மீன் பிழைக்குமா?" என்று சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் 'மருந்து' என்றால் வெடிமருந்து என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. சொல் வாசலைத் தாண்டிப் போயிற்று. மறுநாள் முதல் அந்தச் சிறுமி எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

இயற்பியல் கற்பிக்கும் நான் அப்போது என்ன செய்தேன்? மீன்களுக்கு ஏதோ நோய் என்று எண்ணி, மெத்திலீன் நீலத்தை வாங்கித் தொட்டியில் ஊற்றினேன். அது எவ்வளவு பெரிய தவறு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

என்னைச் சிந்திக்க வைத்தது என் மகளின் குறிப்பேடு. எந்த மீன் எந்த நாளில் சோர்ந்தது, எப்போது இறந்தது என்று எழுதி வைத்திருந்தாள். முதல் மூன்று நாட்கள் எல்லா மீன்களும் சுறுசுறுப்பாக இருந்திருக்கின்றன. நான்காம் நாளுக்குப் பிறகே ஒவ்வொன்றாகச் சரிவு. இதைச் சற்று யோசித்துப் பாருங்கள். ஒருவர் கையிலிருந்து நஞ்சு நீரில் கலந்திருந்தால், அது முதல் நாளே முழு அளவில் இருந்திருக்கும். மீன்களும் முதல் நாளே வாடியிருக்கும். நாளுக்கு நாள் நிலைமை மோசமாயிற்று என்றால், நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும் ஒரு பொருள் அந்த நீரில் இருக்க வேண்டும். தொட்டியில் தினந்தோறும் புதிதாகச் சேர்ந்தது எது? நாங்கள் போட்ட தீனிதான்.

என் மகள் தினமும் இரண்டு வேளை ஒவ்வொரு சிட்டிகை போட்டாள். இரண்டு சிட்டிகையையும் கல்லூரித் தராசில் நிறுத்தேன், ஒரு கிராம். மீன்தீனியில் சுமார் 40 விழுக்காடு புரதம், அதாவது 400 மில்லிகிராம். புரதத்தில் நைட்ரஜனின் பங்கு 16 விழுக்காடு. ஆகவே 64 மில்லிகிராம் நைட்ரஜன். அதில் பாதிக்குச் சற்று மேல், ஏறத்தாழ 37 மில்லிகிராம், அம்மோனியாவாக வெளியேறுகிறது. மீன் இதைப் பெரும்பாலும் செவுள்களின் வழியாகவே கழிக்கிறது. எங்கள் தொட்டி 45 லிட்டர் கொள்ளும். ஆகவே ஒவ்வொரு நாளும் லிட்டருக்கு 0.8 மில்லிகிராம் சேர்கிறது. நான்கு நாட்களில் அது 3 மில்லிகிராமைத் தாண்டிவிடும். தின்னாமல் அடியில் அழுகும் தீனி தருவது தனி.

இந்த அளவு கொல்லுமா? அது நீரின் தன்மையைப் பொறுத்தது. நீரில் அம்மோனியா இரண்டு வேடங்களில் இருக்கிறது. மின்னூட்டம் பெற்ற அம்மோனியம் அயனி செவுள் சவ்வை எளிதில் ஊடுருவாது. அதனால் தீங்கு குறைவு. மின்னூட்டமில்லாத அம்மோனியாவோ ஊடுருவித் தாக்கும். இரண்டும் எந்த விகிதத்தில் இருக்கும் என்பதை நீரின் பி.எச். மதிப்பும் வெப்பநிலையும் தீர்மானிக்கின்றன. 30 டிகிரி செல்சியஸில் பி.எச். 7 ஆக இருந்தால் நூறில் ஒரு பங்குக்கும் குறைவே நச்சு வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் அது ஏழரைப் பங்கு. 9 ஆனால் கிட்டத்தட்டப் பாதி. எங்கள் ஆழ்குழாய்க் கிணற்று நீரை அளந்தேன், பி.எச். 8, வெப்பநிலை 30 டிகிரி. ஆக நான்காம் நாளில் லிட்டருக்கு 0.25 மில்லிகிராம் நச்சு அம்மோனியா. 0.05 மில்லிகிராமைத் தாண்டினாலே செவுள்கள் பழுதாகத் தொடங்கும். ஐந்து மடங்கு! கணக்கு முடிந்தபோது, எதிர்வீட்டை நிமிர்ந்து பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

இதே விதி மீன் கொண்டுவரும் பாலிதீன் பைக்கும் பொருந்தும். வண்ணமீன் வணிகத்துக்குப் பேர்போன சென்னைக் கொளத்தூரிலிருந்து வெளியூர் செல்லும் மீன்களும் ஆக்சிஜன் நிரப்பிய பைகளில்தான் பயணம் செய்கின்றன. பைக்குள் மீன்கள் விடும் கரியமில வாயு கரைந்து, பி.எச். இறங்குகிறது. அம்மோனியா சேர்ந்தாலும் அது தீங்கு குறைந்த அயனி வடிவிலேயே இருக்கிறது. வீட்டுக்கு வந்து பையைத் திறந்து வெகுநேரம் வைத்தால் கரியமில வாயு வெளியேறி, பி.எச். ஏறி, அதே அம்மோனியா நஞ்சாக மாறுகிறது. எனவே கட்டிய பையை அவிழ்க்காமல் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமமாக்குங்கள். பிறகு பையைத் திறந்து, தொட்டி நீரைச் சிறிது சிறிதாகக் கலந்து, மீன்களை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பை நீரைத் தொட்டியில் கொட்டக் கூடாது.

சரி, எங்கள் ஊர்க் கண்மாயில் இந்தத் தொல்லை ஏன் இல்லை? அங்கே அம்மோனியாவைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் சேற்றிலும் கல்லிலும் கோரைத் தண்டிலும் படிந்திருக்கின்றன. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக்குகிறது. மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகிறது. இரண்டு வேலையையும் தானே செய்யும் நைட்ரோஸ்பைரா இனங்களும் உண்டு என்பது 2015-இல் கண்டறியப்பட்டது. நைட்ரேட் சிறிதளவு இருந்தால் மீனுக்குப் பெரும்பாலும் தீங்கில்லை. பாசியும் செடியும் அதை உரமாக எடுத்துக்கொள்ளும். துப்புரவாகக் கழுவிய புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிர்க் குடித்தனம் இல்லை. மெதுவாகப் பெருகும் இவை இரட்டிப்பாக ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கும். தொட்டி முழுவதும் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம்.

இந்த இடத்தில் நம் பட்டாசு உள்ளே வருகிறது. வெடிமருந்தின் உயிரான வெடியுப்பு, பொட்டாசியம் நைட்ரேட். இன்று அது தொழிற்சாலையில் உருவாகிறது. 19-ஆம் நூற்றாண்டு வரை மண்ணிலிருந்தே எடுத்தார்கள். பீகாரில் வீடுகளையும் மாட்டுத் தொழுவங்களையும் சுற்றியுள்ள உவர்மண்ணைச் சுரண்டிக் காய்ச்சி எடுத்த வெடியுப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்றது. சிறுநீரும் சாணமும் எப்படி உப்பாக மாறின என்பது நெடுங்காலம் புரியாத புதிர். 1877-இல் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள், மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாய் வழியே சாக்கடை நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். இருபது நாட்கள் வரை மாற்றம் ஏதுமில்லை. பிறகு அம்மோனியா மறைந்து நைட்ரேட் தோன்றியது. குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தியதும் அந்த மாற்றம் நின்றுவிட்டது. ஆகவே இது உயிருள்ளவற்றின் வேலை என்று தெளிந்தார்கள். 1890-இல் வினோகிராட்ஸ்கி அந்த நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார்.

அந்தக் குழாய்தான் நம் மீன்தொட்டி; அந்த இருபது நாள்தான் நம் மீன்கள் மடியும் காலம். குளோரோபார்ம் செய்த வேலையை எங்கள் வீட்டில் நான் ஊற்றிய நீல மருந்து செய்திருக்கும். அரும்பிக்கொண்டிருந்த நுண்ணுயிர்களையும் அது கொன்றிருக்கும்.

மீதமிருந்தது நான்கு மீன்கள். இரண்டு நாட்கள் தீனியை நிறுத்தினோம். பட்டினியால் மீன் சாகாது. தினமும் மூன்றில் ஒரு பங்கு நீரை எடுத்துவிட்டு, அதே வெப்பநிலையுள்ள நீரை ஊற்றினோம். காற்றுக் குமிழிகளைக் கூட்டினோம். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும் ஆக்சிஜன், 30 டிகிரியில் ஏழரைதான் கரையும் என்பது நம் வெயிலுக்கு முக்கியம். நண்பர் வீட்டுப் பழைய தொட்டியின் வடிகட்டியிலிருந்து அழுக்கேறிய பஞ்சு ஒன்றை வாங்கி வந்து எங்கள் வடிகட்டியில் வைத்தேன். அது அழுக்கல்ல, நுண்ணுயிர்களின் குடியிருப்பு. சோதனைத் திரவத்தால் என் மகள் நாள்தோறும் நீரைச் சோதித்தாள். அம்மோனியா இறங்க இறங்க நைட்ரைட் ஏறியது. இது இரண்டாவது கண்டம். நைட்ரைட் மீனின் இரத்தத்தைப் பழுப்பாக்கி, ஆக்சிஜனைச் சுமக்க விடாமல் செய்யும். பத்து லிட்டருக்கு ஒரு கிராம் சாப்பாட்டு உப்பு போட்டோம். உப்பிலுள்ள குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் நுழைவதைத் தடுக்கும்.

எல்லாச் சாவுக்கும் அம்மோனியாவே காரணமல்ல. விட்ட சில மணி நேரத்திலேயே மீன் செத்தால் குளோரினையோ வெப்ப அதிர்ச்சியையோ சந்தேகியுங்கள். குளோரின் கலந்த குழாய் நீரை அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் வைத்திருந்து பயன்படுத்தலாம். உடலில் உப்புத் தூவியது போன்ற புள்ளிகள் தெரிந்தால் அது வெண்புள்ளி நோய், ஓர் ஒட்டுண்ணியின் வேலை. அப்போதுதான் மருந்து தேவை. அதுவும் தனித் தொட்டியில். இன்னும் மீன் வாங்கவில்லையா? தொட்டியை ஓடவிட்டு, மீனில்லாமலே தினம் ஒரு சிட்டிகைத் தீனி போட்டு வாருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்கிப் பூச்சியத்துக்கு வந்தபின் மீனை விடலாம்.

மூன்றாம் வார முடிவில் எங்கள் தொட்டியில் இரண்டும் பூச்சியம். நைட்ரேட் சோதனை மட்டும் சிவப்பு நிறம் காட்டியது. வெடியுப்பில் உள்ள அதே நைட்ரேட்! என் மகள் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். பின்னாலேயே என் தாயாரும் போனார். அங்கே என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. அன்று மாலை அந்த அம்மாள் வந்து தொட்டியை எட்டிப் பார்த்து, சரிந்து கிடந்த ஒரு கல்லை நிமிர்த்தி வைத்தார்.

இப்போது அவர்கள் வீட்டிலும் ஒரு சிறு தொட்டி இருக்கிறது. எங்கள் வடிகட்டியின் பஞ்சில் பாதியை வெட்டிக் கொடுத்தபோது என் மகள் தோழியிடம் சொன்னது இது: "பாத்துடீ, இதை மட்டும் கழுவிடாதே."