கைப்பந்துத் தேர்வும் பெற்றோரும்

ஆண்டுதோறும் பள்ளித் தேர்வுகள் முடிந்து கோடை விடுமுறை தொடங்கும்போது, சென்னை மாநகரத்துப் பெற்றோர் சிலருக்கு இன்னொரு தேர்வைப் பற்றிய கவலை தொடங்கிவிடுகிறது. பள்ளித் தேர்வுக்குப் பாடப் புத்தகம் உண்டு, வினாத்தாள் உண்டு, மதிப்பெண்ணும் உண்டு. இந்தத் தேர்வுக்கு அவற்றில் ஒன்றுமில்லை. விடியற்காலையில் ஒரு மைதானத்திலே ஐம்பது அறுபது சிறுவர் சிறுமியர் வரிசையாக நிற்கிறார்கள். கையிலே குறிப்பேட்டுடன் ஒருவர் அவர்களிடையே உலவுகிறார். இரண்டு மணி நேரத்துக்குப் பின் பன்னிரண்டு பெயர்கள் வாசிக்கப்படுகின்றன. எஞ்சிய பிள்ளைகளும் அவர்களை அழைத்து வந்தவர்களும், அந்தப் பன்னிருவர் ஏன், நாம் ஏன் இல்லை என்பது விளங்காமலேயே வீடு திரும்புகிறார்கள். "செலக்ஷன்" என்று யாவரும் சொல்லிப் பழகிவிட்ட இந்தக் கைப்பந்துத் தேர்வில் உண்மையில் நடப்பது என்ன, அதிலே பெற்றோர் செய்யத் தக்கது எது, தகாதது எது என்பதைச் சிறிது விளக்குவதே இந்தப் பேச்சின் நோக்கம்.

கைப்பந்து என்று நான் குறிப்பிடுவது வாலிபால் ஆட்டத்தை. இலங்கைத் தமிழர் இதனைக் கரப்பந்து என்பர். 1895-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹோலியோக் நகரத்து ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தில் வில்லியம் மார்கன் என்பவர் இதனை வகுத்தபோது, கூடைப்பந்து ஆடி மூச்சு வாங்கிய நடுத்தர வயதினருக்கு ஏற்ற இலேசான பொழுதுபோக்காகவே கருதினார். அதே சங்கத்தின் வழியாகத்தான் இவ்வாட்டம் ஆசிய நாடுகளுக்கு வந்தது. ஹாரி குரோ பக் என்பவர் 1920-இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி இன்றும் நந்தனத்தில் இருக்கிறது. அசோகத் தூணிலிருந்து சில கிலோமீட்டர் தூரந்தான். நம் நாடெங்கும் உடற்கல்வி ஆசிரியர்களை அனுப்பி வைத்த அத்தகைய கல்லூரி அண்டையில் இருக்க, அசோக் நகரிலும் கே.கே. நகரிலும் மாம்பலத்திலும் வாழும் பிள்ளைகள் இவ்விளையாட்டை விரும்புவதில் வியப்பில்லை. நடுத்தர வயதினரின் பொழுதுபோக்காகப் பிறந்த ஆட்டம் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் எதிர்காலக் கவலையாக மாறியதுதான் வியப்பு.

முதலில் ஓர் உண்மையை மனத்திற் கொள்ள வேண்டும். பயிற்சியாளர் அன்று காலையில் தேடுவது சிறந்த பன்னிரண்டு பிள்ளைகளை அன்று, ஓர் அணியை. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும் ஒன்றல்ல. பதினெட்டு மீட்டர் நீளமும் ஒன்பது மீட்டர் அகலமும் கொண்ட ஆடுகளத்தை வலை இரு சதுரங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு சதுரத்திலும் அறுவர் நிற்கிறார்கள். அந்த அறுவருக்கும் ஒரே வேலையில்லை. பந்தை அடிப்பவருக்கு ஏற்றவாறு மென்மையாக உயர்த்தித் தருபவர் செட்டர். வலையோரத்தில் எழும்பி எதிரியின் அடியைத் தடுப்பவர் நடுக்களத் தடுப்பாளர். பின்வரிசையில் தாழ்ந்து பந்தை எடுப்பதையே தொழிலாகக் கொண்டவர் லிபரோ. ஓர் அணியில் நன்கு பழகிய செட்டர் இருவர் முன்னமே இருப்பார்களாயின், மூன்றாவதாக வரும் பிள்ளை அவ்விருவரினும் சற்றே திறமை மிக்கவனாயினும் அவனுக்கு இடமில்லாமற் போகலாம். அதே நாளில், வேறொரு மைதானத்தில், செட்டர் இல்லாது தவிக்கும் அணி அவனை வாரி அணைத்துக் கொள்ளும். ஆகவே தேர்வுக்கு அழைத்துச் செல்லுமுன், "இவ்வாண்டு உங்கள் அணிக்கு எந்த இடத்துக்கு ஆள் வேண்டும்?" என்று ஒரு வார்த்தை கேட்டறிவது நலம். நல்ல பயிற்சியாளர் இதற்கு மனங்கோணாமல் விடை சொல்வார்.

அடுத்தது உயரம். இதைப் பற்றித்தான் பெற்றோரின் ஏக்கம் மிகுதி. பெரியோர் ஆட்டத்தில் ஆடவர் வலை 2.43 மீட்டர் உயரத்திலும் மகளிர் வலை 2.24 மீட்டர் உயரத்திலும் கட்டப்படுகிறது. அதற்கு மேலே கை எழ வேண்டுமானால் உயரம் உதவும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலே காணும் உயரம் நம்பத் தகாத சாட்சி. பெண் குழந்தைகள் பெரும்பாலும் பன்னிரண்டு வயதை ஒட்டியும், ஆண் குழந்தைகள் பதினான்கு வயதை ஒட்டியும் வெகு வேகமாக வளர்கிறார்கள்; இது ஓரிரண்டு ஆண்டு முந்தியும் வரலாம், பிந்தியும் வரலாம். ஒரே வகுப்பில் படிக்கும் இரு சிறுவரில் ஒருவன் வளர்ச்சியை முடித்துக்கொண்டிருப்பான்; மற்றவன் இன்னும் தொடங்கியே இரான். இன்று நெட்டையாகத் தோன்றி இடம் பிடித்தவன் பதினேழு வயதில் சராசரி உயரத்தில் நின்றுவிடுவதும், இன்று புறக்கணிக்கப்பட்டவன் அவனைத் தாண்டிச் செல்வதும் பயிற்சியாளர் அனைவரும் கண்டவையே.

இதனோடு ஒட்டிய வேறொரு செய்தியும் உண்டு. வயதுப் பிரிவுகளை வகுக்கும்போது ஆண்டின் ஒரு குறிப்பிட்ட நாளை எல்லையாகக் கொள்கிறார்கள். எல்லை ஜனவரி முதல் நாளாயின், ஜனவரியில் பிறந்த குழந்தையும் டிசம்பரில் பிறந்த குழந்தையும் ஒரே பிரிவில் நிற்கும். இடையே ஏறத்தாழ ஓராண்டு வளர்ச்சி வேறுபாடு. கனடா நாட்டில் பனித்தரை ஹாக்கி ஆடிய இளைஞர்களை ஆராய்ந்த ராஜர் பார்ன்ஸ்லியும் அவர் கூட்டாளிகளும், தேர்ந்தெடுக்கப்பட்டவருள் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தோரே மிகுதி என்பதை 1985-இல் எடுத்துக் காட்டினார்கள். பிறகு வேறு பல விளையாட்டுகளிலும் இது காணப்பட்டது. நம் பிள்ளை நவம்பரிலோ டிசம்பரிலோ பிறந்தவனாயின், அவனுடைய தோல்வியில் ஒரு பங்கு நாட்காட்டியைச் சார்ந்தது என்று கொள்வதிலே தவறில்லை.

உயரம் குன்றியவர்க்கு இவ்விளையாட்டில் இடமேயில்லையா என்று கேட்பவர்க்கு வரலாறு விடை கூறுகிறது. 1964-ஆம் ஆண்டு டோக்கியோவில் கைப்பந்து முதன்முறையாக ஒலிம்பிக் பந்தயத்தில் இடம் பெற்றபோது, ஜப்பானிய மகளிர் அணி தங்களினும் ஓங்கி வளர்ந்த சோவியத் அணியை வென்று தங்கப் பதக்கம் பெற்றது. அவ்வணியினரில் பெரும்பாலோர் ஒரு நூற்பாலையைச் சேர்ந்த பெண்கள். தரையிலே உருண்டு பந்தை எடுத்து, உருண்ட வேகத்திலேயே எழுந்து நிற்கும் முறையை அவர்கள் பழகியிருந்தனர். (அவர்களுடைய பயிற்சியாளர் நள்ளிரவு வரை அவர்களை வருத்திப் பழக்கினார் என்பதும் உண்மை, அந்தப் பகுதியை நாம் பின்பற்ற வேண்டியதில்லை.) 1998-இல் சர்வதேச விதிகளில் லிபரோ என்னும் இடம் சேர்க்கப்பட்ட பின்னர், உயரத்தினும் விரைவும் கூர்மையும் வேண்டப்படும் ஓர் இடம் ஒவ்வோர் அணியிலும் உறுதியாயிற்று.

இனிச் சற்றுக் கசப்பான பொருளுக்கு வருவோம். வயதைக் குறைத்துக் காட்டும் ஆசை. "ஓராண்டு குறைத்துக் கொடுத்தால் என்ன? எல்லாரும் செய்கிறார்கள்" என்று மைதானத்து ஓரத்தில் யாராவது மெல்லச் சொல்லுவார். இந்த யோசனையைக் காதில் வாங்குவதும் கூடாது. 2010-இல் மத்திய அரசு விளையாட்டில் வயது மோசடியைத் தடுக்கத் தனி நெறிமுறை வகுத்தது. ஐயம் எழுந்தால் மணிக்கட்டு எலும்பை எக்ஸ்ரே எடுத்து வளர்ச்சியை மதிப்பிடுவார்கள். பிடிபட்ட பிள்ளை போட்டிகளிலிருந்தே விலக்கப்படலாம். தண்டனை ஒரு புறமிருக்க, பிறந்த நாளைப் பற்றிப் பொய் சொல்லும்படி பெற்றோரே கற்பித்த பிள்ளை, பிறகு எந்தச் சான்றிதழை நீட்டினாலும் உள்ளூர அஞ்சியே நீட்டும். அந்தப் பொய்யால் இடமிழந்து வீடு திரும்பும் பிள்ளையும் யாரோ ஒருவர் வீட்டுக் குழந்தைதானே.

தேர்வுக்கு வழிகள் பல என்பதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். தனியார் குழுவில் இடங்கிடைக்காத பிள்ளைக்குப் பள்ளி அணி இருக்கிறது. பள்ளிக் கல்வித்துறை நடத்தும் பாரதியார் தின விழா, குடியரசு தின விழாப் போட்டிகள் குறுவட்டத்தில் தொடங்கி மாவட்டம், மாநிலம் என்று உயர்ந்து செல்கின்றன. 1992-இல் அமைந்த தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் விளையாட்டு விடுதிகளை நடத்துகிறது. அவற்றுக்கு மாவட்டத்தில் ஒரு தேர்வும் மாநில அளவில் ஒரு தேர்வும் உண்டு. விடுதியில் உணவும் உறைவிடமும் பயிற்சியும் கிடைக்கும். ஆனால் குழந்தை வீட்டைப் பிரிந்து வாழ வேண்டும். அதற்கு அதன் மனம் இசைகிறதா என்று கேளாமல் விண்ணப்பம் போடுவது நியாயமன்று. தொழிற்கல்விச் சேர்க்கையிலும் அரசுப் பணியிலும் விளையாட்டு வீரர்க்கென ஒதுக்கீடு உண்டு என்பதும், இரயில் பெட்டித் தொழிற்சாலை, இந்தியன் வங்கி போன்ற நிறுவனங்கள் நெடுங்காலமாகக் கைப்பந்து அணிகளைப் பேணி வந்திருக்கின்றன என்பதும் பலருக்கு ஊக்கமளிக்கும் செய்திகள். ஊக்கம் நல்லதே, கணக்கு நல்லதன்று. பன்னிரண்டு வயதில் வேலைவாய்ப்பைக் கணக்கிட்டு மைதானத்துக்கு அனுப்பப்படும் பிள்ளை, பந்தைப் பார்க்குமுன் தந்தையின் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும்.

சான்றிதழ் என்ற பெயரால் நடக்கும் வாணிகத்தைப் பற்றியும் ஒரு சொல். "தேசியப் போட்டி" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கட்டணம் வாங்கும் அமைப்புகள் உண்டு. அந்தப் போட்டியை நடத்துவது அங்கீகாரம் பெற்ற சங்கமா, அதன் சான்றிதழை அரசும் கல்லூரிகளும் ஏற்குமா என்பதை விசாரித்த பிறகே பணம் கட்ட வேண்டும். நம் நாட்டின் கைப்பந்துச் சம்மேளனத்தையே சர்வதேசச் சம்மேளனம் 2016-இல் இடைநிறுத்தி, பின்னர் அத்தடையை நீக்கியது என்பதை நினைத்தால், இத்தகைய விசாரணை அவசியமே என்பது விளங்கும்.

குழுவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கும் உண்டு என்பதைப் பெற்றோர் பலர் மறந்துவிடுகிறார்கள். பயிற்சி நடக்கும் ஒரு மாலையில் முன்னறிவிப்பின்றிச் சென்று அரை மணி நேரம் பார்த்தால் போதும். நாற்பது பிள்ளைகளுக்கு இரண்டே பந்துகள் இருந்தால், நம் பிள்ளை அங்கே கற்பது வரிசையில் நிற்பதைத்தான். சிமெண்டுத் தரையிலே நாள்தோறும் நூற்றுக்கணக்கான முறை குதிக்கச் செய்கிறார்களா என்று பாருங்கள். வளரும் வயதில் முழங்காற் சிப்பிக்குக் கீழே, தசைநார் எலும்போடு சேரும் இடத்தில், வீக்கமும் வலியும் தோன்றுவதுண்டு. ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று மருத்துவர் இதற்குப் பெயர் கூறுவர். குதிப்பதைக் குறைத்தால் பெரும்பாலும் தணிந்துவிடும் இத்துன்பத்தை, "சோம்பேறித்தனம்" என்று கடிந்து மேலும் குதிக்க வைக்கும் பயிற்சியாளரிடம் பிள்ளையை விட்டு வைக்கலாகாது. பெண் குழந்தைகளாயின், பயிற்சியில் பெண் ஒருவர் உடனிருக்கிறாரா, வெளியூர்ப் போட்டிக்கு யார் அழைத்துச் செல்கிறார், எங்கே தங்குகிறார்கள் என்பவற்றை வெளிப்படையாகக் கேட்க வேண்டும். இதிலே கூச்சம் வேண்டாம். குழந்தைகளின் பாதுகாப்புக்காக 2012-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டிருக்கிறது. 1098 என்ற எண்ணில் உதவியும் கிடைக்கிறது. கேட்பதை அவமதிப்பாகக் கருதும் குழு நமக்கு வேண்டாத குழு.

தேர்வு நாளன்று பெற்றோர்க்குரிய வேலை மிகக் குறைவு. இலேசான ஆகாரம், நிறையத் தண்ணீர், வழுக்காத காலணி, பிறப்புச் சான்றிதழின் நகல், பள்ளியில் பெற்ற சான்றிதழ், இவற்றோடு நம் கடமை ஏறக்குறைய முடிந்துவிட்டது. பிறகு மைதானத்தை விட்டுச் சற்றுத் தள்ளியே நிற்க வேண்டும். வேலியைப் பிடித்துக்கொண்டு "கையை நீட்டு, முழங்காலை மடக்கு" என்று கூவும் தந்தையர் உண்டு. அந்தப் பிள்ளை ஒரே நேரத்தில் இரு பயிற்சியாளருக்குக் கீழ்ப்படிய முயன்று பந்தைத் தவற விடுகிறது. குறிப்பேடு வைத்திருப்பவர் தவறிய பந்தை மட்டும் எழுதுவதில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தவறிய பின் அப்பிள்ளை என்ன செய்தது, அடுத்த பந்துக்கு ஆயத்தமாக நின்றதா, பக்கத்திலிருப்பவனைக் கடிந்து நோக்கியதா என்பதையும் கவனிக்கிறார்கள். ஏனெனில் கைப்பந்தில் பந்தைக் கையில் பிடித்து வைத்துக்கொள்ள ஒருவருக்கும் உரிமையில்லை. தொடர்ந்து இரு முறை தொடவும் பொதுவாக விதியில்லை. தனியொருவன் வென்றுவிட முடியாத ஆட்டம் இது.

பெயர் வாசிக்கப்படாத பிள்ளையோடு வீடு திரும்பும் அந்த அரை மணி நேரமே முழுத் தேர்விலும் பெற்றோருக்குரிய கடினமான பகுதி. மெட்ரோ ரயிலிலோ இருசக்கர வண்டியிலோ வரும்போது பயிற்சியாளரைத் தூற்றத் தோன்றும். வேண்டியவர்க்குத்தான் இடம் என்று சொல்லத் தோன்றும். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் அன்று அதைச் சொன்னால், தான் செய்யக்கூடியது இனி ஒன்றுமில்லை என்ற எண்ணமே பிள்ளையின் மனத்தில் பதியும். "பசிக்கிறதா?" என்ற கேள்வி அப்போதைக்குப் போதுமானது. இரண்டொரு நாள் கழித்து, பிள்ளை தானே சென்று, "ஐயா, நான் எதைச் சீர்திருத்திக்கொள்ள வேண்டும்?" என்று பயிற்சியாளரைக் கேட்கட்டும். நாம் போய்க் கேட்டால் அது வழக்காக மாறிவிடும். பிள்ளை கேட்டால் பாடமாக இருக்கும். பெரும்பாலும் கிடைக்கும் விடை ஒன்றே: சர்வீஸை எடுக்கும் கை இன்னும் உறுதிப்பட வேண்டும் என்பது.

அதற்குக் குழுவும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். ஒரு பந்தும் ஒரு மதிற்சுவரும் இருந்தால் போதும். இரு முன்கைகளையும் சேர்த்து, முழங்காலை மடக்கி, சுவரில் குறித்த ஒரே இடத்தில் பந்து படும்படி நாளொன்றுக்கு இருநூறு முறை தட்டிப் பழகினால், அடுத்த கோடைக்குள் கை தானே வழிக்கு வந்துவிடும். சுவருக்கு அப்பால் குடியிருப்பவரிடம் மட்டும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது.