குட்டித் தலைக்கு அளவான குல்லா
குறைமாதக் குழந்தைகளைக் காக்கும் சிகிச்சையில் தொப்பிக்கும் இடமுண்டு. ஆனால் அது தலையில் நிற்க வேண்டும்.

பிளாஸ்டிக்கில் ஒரு வளையம். அதன் விளிம்பு நெடுக முளைகள். கையில் சின்னக் கொக்கி, மடியில் கம்பளி நூல் உருண்டை. பின்னல் ஊசியைத் தொட்டே பார்க்காதவர்கள்கூட இந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலத்தில் குல்லா போட்டு முடித்துவிடலாம். பேரப்பிள்ளைக்கு என்று ஆரம்பித்து, மருத்துவமனைகளில் இருக்கும் பச்சிளம் குழந்தைகளுக்கும் பின்னித் தருபவர்கள் உண்டு.

அங்கே குல்லாவுக்கு வேலை நிறைய. 2020இல் மட்டும் இந்தியாவில் சுமார் 30 லட்சம் குழந்தைகள் 37 வாரம் நிரம்புவதற்குள் பிறந்தன. வேறெந்த நாட்டிலும் இத்தனை இல்லை. தோலுக்கடியில் போதிய கொழுப்பு சேராத இந்தச் சிசுக்களின் உடற்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தலைதான். அது திறந்து கிடந்தால் உடல்வெப்பம் 36.5 டிகிரி செல்சியசுக்குக் கீழே எளிதில் இறங்கிவிடும்.

கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978இல் பிறந்த 'கங்காரு' பராமரிப்பு முறையில், தாயின் மார்போடு ஒட்டிக் கிடக்கும் குழந்தைக்கு உடுத்துவது மூன்றுதான்: இடுப்பில் துணி, காலில் உறை, தலையில் குல்லா. டில்லி சப்தர்ஜங் மருத்துவமனை உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. எடை 1.8 கிலோவுக்கும் குறைவான குழந்தைகளுக்கு, உடல்நிலை சீராகும்வரை காத்திராமல் பிறந்த உடனே இந்த முறையைத் தொடங்கியதில், முதல் 28 நாட்களில் இறப்பு 25 சதவீதம் குறைந்தது.

குல்லாவின் அளவு தப்பினால் தொல்லை. பெரிதாக இருந்தால் கண்ணிலும் மூக்கிலும் சரியும். இறுக்கமாக இருந்தால் நெற்றியில் தடம் பதியும். 28 வாரத்தில் பிறந்த குழந்தையின் தலைச்சுற்று சுமார் 26 செ.மீ.; நிறைமாதக் குழந்தைக்கு சுமார் 35. பின்னல் விரியும் என்பதால் தலைச்சுற்றைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைத்துப் பின்னுவது வழக்கம்.

சிக்கல் சட்டத்திலேயே இருக்கிறது. ஊசியில் உச்சியை நெருங்க நெருங்கக் கண்ணிகளைக் குறைத்துக்கொண்டே போகலாம். வளையத்தில் முளைகள் நகராது. 24 முளை என்றால் கடைசிவரை 24தான். எத்தனை சுற்று போட்டாலும் கிடைப்பது குழாய். மேலே சுருக்குப் பைபோல நூலை இழுத்து முடிந்தால் உச்சியில் தடித்த கொத்து நிற்கும்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. கடைசிச் சுற்றில் ஒன்றுவிட்டு ஒரு கண்ணியை எடுத்துப் பக்கத்து முளையில் மாட்டி, இரண்டையும் ஒன்றாகப் பின்னினால் 24 பன்னிரண்டாகும். அதன்பின் சுருக்கினால் கொத்து பாதியாகக் குறையும்.

இன்னும் கச்சிதமாக வேண்டுமென்றால் குல்லாவைப் பக்கவாட்டில் பின்ன வேண்டும். அப்போது முளைகளின் எண்ணிக்கை குல்லாவின் உயரத்தைக் குறிக்கும். போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் உச்சிப் பக்கம் ஒரு முளையை விட்டுவிட்டுத் திரும்பினால் தர்பூசணிப் பத்தைபோல ஒரு துண்டு உருவாகும். திரும்பும் இடத்தில் முளையை நூலால் ஒரு சுற்றுச் சுற்றாவிட்டால் ஓட்டை விழும். இப்படி ஆறோ எட்டோ பத்தைகளைத் தொடர்ச்சியாகப் போட்டு, முதல் ஓரத்தையும் கடைசி ஓரத்தையும் தைத்தால் தலையின் வளைவுக்கேற்ற குல்லா தயார்.

நூல் மென்மையாக, அடிக்கடி துவைத்தாலும் தாங்குவதாக இருக்க வேண்டும். குஞ்சம், ரிப்பன், பொத்தான் எதுவும் வேண்டாம். உள்ளே தொங்கும் நூல் முனைகளையும் செருகிவிட வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. வீட்டுக்கு வந்துவிட்ட குழந்தைக்கு அறைக்குள் தூங்கும்போது தொப்பி வேண்டாம், உடல் அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமியின் 2022ஆம் ஆண்டு பரிந்துரை.

எனவே தானம் செய்ய நினைப்பவர்கள் நூல் வாங்கும் முன் மருத்துவமனையில் அளவு கேட்டுக்கொள்வது நல்லது. அளவு நாடாவை முதலில் எடுத்தவரின் குல்லா வார்டுக்குப் போகும். மற்றது பொம்மைக்குத்தான்.