தும்புமுட்டாஸ் சேதனமா?

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனால், சின்னப்பிள்ளைகளின் காது முதலில் தேடுவது தும்புமுட்டாஸ்காரரின் மணியைத்தான். வாங்கிய கையோடு நாக்கும் உதடும் ரோசா நிறம். "இந்தச் சாயம் சேதனமோ?" என்று அவரைக் கேட்டால் சிரிப்பார். விடை என்னவோ ஆம்தான்.

எங்கள் ஊரில் இந்தச் சொல்லுக்கு இரண்டு வீடு. உயர்தர இரசாயனவியலில் 'சேதனச் சேர்வை' என்றால் காபனை எலும்புக்கூடாகக் கொண்ட பொருள். கமநல சேவை நிலையத்தில் 'சேதனப் பசளை' என்றால் சாணமும் குழையும் கூட்டெருவும். தமிழ்நாட்டார் முன்னதைக் கரிமம் என்றும் பின்னதை இயற்கை என்றும் பிரித்துவிட்டார்கள். நாங்கள் ஒரே சட்டியில் இரண்டு கறியையும் காய்ச்சுகிறோம்.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தபோது இந்தக் குழப்பம் வயலுக்கே இறங்கியது. யூரியா கூடாது, சேதனப் பசளை போடு என்றது அரசு. இரணைமடுவின் கீழ்க் காலபோகம் செய்தவர்கள் யூரியாவுக்கு எங்கே போவார்கள்? வேடிக்கை என்னவென்றால், யூரியாவே சேதனச் சேர்வைதான். சேதனப் பொருட்களை உயிர் மட்டுமே ஆக்கும் என்று நம்பிய காலத்தில், 1828இல் ஜேர்மனியரான பிரெடரிக் வோலர், சிறுநீரில் உள்ள அதே யூரியாவைச் சிறுநீரகம் எதுவுமின்றி ஆய்வுகூடத்தில் செய்து காட்டினார். சேதனம் என்றால் உயிருள்ளது. உயிர் கழன்றபின்னும் பெயர் ஒட்டிக்கொண்டது.

சாயத்தின் கதை மலேரியாவில் தொடங்குகிறது, வன்னிக் காடு திருத்தப் போனவர்களைப் பாயில் போட்ட அதே காய்ச்சல். அதற்கான குயினைனை நிலக்கரித் தாரிலிருந்து செய்யலாம் என்று 1856இல் லண்டனில் 18 வயது வில்லியம் பேர்க்கின் முயன்றார். மருந்து வரவில்லை; குடுவையில் ஊதாச் சாயம் வந்தது. அதன்பின் தாரிலிருந்து சாயங்கள் வரிசையாய் வந்தன. இனிப்புகளை மஞ்சளாக்கும் தாட்ராசின் 1884இல் பிறந்தது. இன்று தாரின் இடத்தில் பெற்றோலியம்.

தாட்ராசின் மூலக்கூறில் 16 காபன். அம்மியில் அரைக்கும் மஞ்சளின் குர்க்குமினில் 21. துணிக்குப் போடும் றொடமின் பி என்ற ரோசாச் சாயத்தில் 28. காபனை எண்ணினால் மூன்றிலும் 'அதிகச் சேதனம்' கடைசியானதுதான். தும்புமுட்டாஸில் அதைக் கண்டுபிடித்துத்தான் தமிழ்நாடு 2024 பெப்ரவரியில் அந்த மிட்டாயையே தடைசெய்தது. தாட்ராசினுக்கு அனுமதி உண்டு. ஆனாலும் அது சேர்ந்த உணவின் பொதியில், பிள்ளைகளின் கவனத்தைப் பாதிக்கலாம் என்ற எச்சரிக்கையை ஐரோப்பா 2010 முதல் கேட்கிறது.

பொங்கல் முடிந்து வீடு வந்ததும் வேட்டியைப் பாருங்கள். தாட்ராசின் போட்ட கேசரி பட்ட கறை பச்சைத் தண்ணீரிலேயே பெரும்பாலும் போய்விடும். அந்தச் சாயம் பருத்தியைப் பிடிக்காது. சாம்பாரின் மஞ்சள் கறையோ சவர்க்காரம் பட்டதும் சிவந்து நிற்கும். கொடியில் போட்டால் இரண்டு நாள் வெயில் அதைத் தின்றுவிடும்.