உங்களுக்குத் தெரியுமா? 82 எழுத்தில் பேசும் படகு!

பாய்மரப் படகின் ஜி.பி.எஸ்., ஆழமானி, காற்றுமானி எல்லாம் கணினியோடு வெறும் எழுத்துகளில்தான் பேசுகின்றன! ஒரு வரிக்கு அதிகபட்சம் 82 எழுத்து. வரி முடிவுக் குறிகளும் அதற்குள்ளேயே அடக்கம்!

ஒவ்வொரு வரியும் டாலர் குறியில் தொடங்கும். அடுத்த இரண்டு எழுத்து, பேசுவது யார் என்று சொல்லிவிடும். ஜி.பி. என்றால் ஜி.பி.எஸ்., எஸ்.டி. என்றால் ஆழமானி!

பக்கத்துக் கப்பல்களைக் காட்டிக்கொடுக்கும் ஏ.ஐ.எஸ். வரிக்கு மட்டும் டாலர் கிடையாது. அது எதில் தொடங்கும் தெரியுமா? ஆச்சரியக்குறியில்!

இந்த ஏற்பாட்டின் பெயர் என்.எம்.ஈ.ஏ. 0183. பிறந்த ஆண்டு 1983. வேகம்? நொடிக்கு 4,800 பிட், அதாவது வெறும் 480 எழுத்து! இன்றைக்கும் இதை நம்பித்தான் எத்தனையோ படகுகள் பெருங்கடலைத் தாண்டுகின்றன!

ஆழமானி ஒரே ஆழத்தை ஒரே வரியில் மூன்று தடவை சொல்லும்! அடியில் ஒன்று, மீட்டரில் ஒன்று, பாகத்தில் ஒன்று. ஆமாம், நம் மீனவர்கள் சொல்லும் அதே பாகம். ஒரு பாகம் 6 அடி!

இது எனக்கு ரொம்பப் பிடித்தது. சீரியல் ஜி.பி.எஸ்.ஸைச் செருகிவிட்டு விண்டோஸ் கணினியை இயக்குவார்கள். இடைவிடாமல் வந்து விழும் வரிகளைப் பார்த்து, 'ஏதோ மவுஸ் மாட்டியிருக்கிறார்கள்' என்று விண்டோஸ் முடிவுகட்டிவிடும்! அவ்வளவுதான், திரையில் அம்புக்குறி தானாகத் துள்ளிக் குதிக்கும்!

10 நாட் காற்று பின்னாலிருந்து தள்ள, படகு 6 நாட் வேகத்தில் ஓடுகிறது. பாய்மர உச்சியில் இருக்கும் காற்றுமானி எவ்வளவு காட்டும்? வெறும் 4! அதே வேகத்தில் காற்றுக்கு நேரெதிரே எஞ்சினில் போனால் 16! உண்மையான காற்று எவ்வளவு என்பதைப் படகின் வேகத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்!

அடுத்த தலைமுறை என்.எம்.ஈ.ஏ. 2000. வேகம் ஒரேயடியாக 52 மடங்கு! உள்ளே ஓடுவது கார்களுக்காக பாஷ் நிறுவனம் உருவாக்கிய கேன் தொழில்நுட்பம். கடலுக்கு வந்த கார் வித்தை!

என்.எம்.ஈ.ஏ. 2000 கருவிகளை இணைக்கும் முதன்மைக் கேபிளின் இரு முனையிலும் 120 ஓம் மின்தடை இருந்தே ஆக வேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, இரண்டு தகவல் கம்பிகளுக்கு நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். 60 காட்டினால் எல்லாம் சரி. 120 காட்டினால் ஒரு முனையில் கோளாறு!

இத்தனை கருவிகளின் பேச்சையும் கேட்டுப் புரிந்துகொள்ள எவ்வளவு பெரிய கணினி வேண்டும்? கிரெடிட் கார்டு அளவு ராஸ்பெர்ரி பை போதும்! 2012-இல் அது அறிமுகமானபோது விலை 35 டாலர்!

கடல் வரைபடத்தில் படகை ஓடவிட்டுக் காட்டும் ஓப்பன்சிபிஎன் மென்பொருளின் விலை? 0 ரூபாய்!

படகு இல்லையே என்று பெருமூச்சு விடாதீர்கள். சாதாரண யு.எஸ்.பி. ஜி.பி.எஸ். ஒன்றை வீட்டு லேப்டாப்பில் செருகி, ஜன்னலோரம் வையுங்கள். அதே டாலர் குறி வரிகள் உங்கள் திரையிலும் ஓடும்!