மார்பகப் புற்றுநோயும் இடுப்புச் சுற்றளவும்

புதுச்சேரிக்கு முதலிடம்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆதரவில் நடந்த இண்டியாப் ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளிவந்தபோது, உடற்பருமனில் நாட்டிலேயே புதுச்சேரிதான் முதலிடத்தில் இருந்தது. வயதுவந்தோரில் 53.3 சதவீதம் பேருக்கு உடற்பருமன், 61.2 சதவீதம் பேருக்குத் தொப்பை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்விலும் 15 முதல் 49 வயதுப் பெண்களில் அதிக எடை உள்ளவர்கள் இந்திய அளவில் 24 சதவீதம் என்றால், புதுச்சேரியில் 46 சதவீதம். சர்க்கரை நோய், மாரடைப்பு பற்றிப் பேசும்போது மட்டும் இந்த எண்களை எடுத்துக்காட்டுகிறோம். இந்தியப் பெண்களுக்கு மிக அதிகமாக வரும் புற்றுநோயான மார்பகப் புற்றுநோயோடும் இவற்றுக்குத் தொடர்பு உண்டு. 2022இல் மட்டும் சுமார் 1,92,000 பெண்களுக்கு அது புதிதாக வந்ததாக உலகப் புற்றுநோய்ப் புள்ளிவிவரம் மதிப்பிடுகிறது. உணவுக்கும் இந்த நோய்க்கும் உள்ள உறவு பெரும்பாலும் இடுப்புச் சுற்றளவின் வழியே நடக்கிறது. நாமோ மஞ்சள் பாலையும் கிரீன் டீயையும் பற்றி விவாதித்துக்கொண்டிருக்கிறோம்.

கொழுப்பு சும்மா இருப்பதில்லை

உடலில் படியும் கொழுப்பு ஹார்மோன் சுரக்கும் ஓர் உறுப்பைப் போலவே வேலை செய்கிறது. கொழுப்புச் செல்கள் அளவுமீறிப் பருக்கும்போது ஆக்சிஜன் போதாமல் சில மடிகின்றன. அவற்றை அப்புறப்படுத்த வரும் வெள்ளணுக்கள் மடிந்த செல்லைச் சுற்றி வளையமாக நின்று, அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. விரலில் காயம்பட்டு வரும் வீக்கம் சில நாளில் வடிந்துவிடும். இந்த அழற்சியோ வலியும் காய்ச்சலும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். பருமனான பெண்களின் மார்பகத் திசுவிலேயே அத்தகைய வளையங்களை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். அந்த வேதிப்பொருள்கள் அரோமடேஸ் என்ற நொதியை முடுக்கிவிடுகின்றன. மாதவிடாய் நின்றபின் சூலகம் ஈஸ்ட்ரோஜென் சுரப்பது ஏறக்குறைய நின்றுபோகும். ஆனால் அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் ஆண்பால் ஹார்மோன்களை இந்த நொதி கொழுப்புத் திசுவுக்குள்ளேயே ஈஸ்ட்ரோஜெனாக மாற்றிவிடுகிறது. மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பகுதி ஈஸ்ட்ரோஜெனின் தயவில் வளர்பவை. தொப்பையோடு சேர்ந்து வரும் மிகை இன்சுலினும் செல்களைப் பெருகத் தூண்டுகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு உடல் நிறைக் குறியீடு 5 புள்ளி கூடினால் மார்பகப் புற்றுநோய் அபாயம் சுமார் 12 சதவீதம் கூடுகிறது.

மறுப்புகள்

ஒல்லியான பெண்களுக்கும் வருகிறதே என்பார்கள். வருகிறதுதான். மரபணுக் கோளாறு, வயது, பிள்ளைப்பேறு, தாய்ப்பால் ஊட்டிய காலம் என்று காரணங்கள் பல உண்டு. பருமன் அவற்றில் ஒன்று. ஆனால் பிறவியில் வந்த மரபணுவை மாற்ற முடியாது, இடுப்பளவை மாற்றலாம். இதைவிட வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது: மாதவிடாய் நிற்காத வயதில் பருமனான பெண்களுக்கு இந்த நோய் சற்றுக் குறைவாகவே வருகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அது உண்மை. அதை நம்பி எடையை ஏற்ற முடியாது என்பதும் உண்மை. முப்பதில் ஏறிய எடை ஐம்பதில் தானாக இறங்குவதில்லை.

உணவை மாற்றினால் பயன் உண்டு என்பதற்கு நேரடிச் சான்று எங்கே என்றும் கேட்கலாம். அமெரிக்காவில் 48,835 பெண்களை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. அதில் ஒரு பிரிவினர் கொழுப்பைக் குறைத்து, காய்கறி, பழம், தானியங்களைக் கூட்டிக்கொண்டார்கள். எட்டு ஆண்டுகளில் அவர்களிடம் நோய் 9 சதவீதம் குறைந்தது. அது தற்செயலாகவும் இருக்கலாம் என்று புள்ளியியல் சொல்லிவிட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தபோது, அதே பிரிவில் மார்பகப் புற்றுநோய் மரணங்கள் 21 சதவீதம் குறைந்திருந்தன. மாயமும் இல்லை, பொய்யும் இல்லை. பயன் சிறியது, வந்து சேர நாளாகும்.

மஞ்சள் விஷயத்துக்கு இவ்வளவு நீளம் தேவையில்லை. அதிலுள்ள குர்குமின் ஆய்வுக்கூடத் தட்டில் அழற்சியைத் தணிக்கிறது. வாய்வழி உண்டால் இரத்தத்தில் மிகச் சொற்பமே சேர்கிறது. குழம்பில் போடுங்கள், மாத்திரையாக வாங்கிப் பணத்தைக் கரைக்க வேண்டாம்.

நம் தட்டு

இண்டியாப் ஆய்வின்படி இந்தியர்களின் உணவாற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. தென்னிந்தியாவில் அதற்கு முதல் காரணம் வெள்ளை அரிசி. பாட்டியும் மூன்று வேளை சோறுதானே தின்றாள் என்ற வாதம் இங்கே எழும். பாட்டி தண்ணீர் இறைத்தாள், நெல் குத்தினாள், வண்டியில் ஏறாமல் நடந்தாள். அந்த உழைப்பு போய்விட்டது, சோற்றின் அளவு மட்டும் அப்படியே இருக்கிறது. புதுச்சேரியின் பெரிய மார்க்கெட்டில் மத்தியும் நெத்திலியும் கிடைக்கின்றன. கீரையும் சுண்டலும் மலிவு. சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தைக் காய்கறி, பருப்பு, மீனால் நிரப்பினால் போதும். வெளிநாட்டு எண்ணெய் எதுவும் வாங்க வேண்டியதில்லை. பேக்கரி ரொட்டியும் பிஸ்கட்டும் மாலைப் பழக்கமாகிவிட்ட ஊர் இது, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மாலையில் வண்டிகளை நிறுத்திவிடும் கடற்கரைச் சாலை நடப்பதற்கென்றே திறந்து கிடக்கிறது. மது மலிவான ஊர் என்பதால் இன்னொன்றும்: நாளொன்றுக்கு 10 கிராம் ஆல்கஹால் குடிக்கும் பெண்ணுக்கு அபாயம் சுமார் 7 சதவீதம் கூடுகிறது. ஒயின் என்பதால் சலுகை கிடையாது.

சாப்பாடு பரிசோதனைக்கு ஈடாகாது

இவ்வளவும் செய்த பெண்ணுக்கும் கட்டி வரலாம். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை சுமார் 1,51,000 பெண்களை இருபது ஆண்டுகள் கவனித்தது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் கையால் செய்த மார்பகப் பரிசோதனை, ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் இந்நோய் மரணங்களை ஏறக்குறைய 30 சதவீதம் குறைத்ததை 2021இல் அறிவித்தது. விலையுயர்ந்த கருவி ஏதும் அதில் இல்லை. முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இந்தப் பரிசோதனையை அரசின் தொற்றாநோய்த் திட்டம் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வழியே தருகிறது. கோரிமேடு ஜிப்மரில் மண்டலப் புற்றுநோய் மையமும் உண்டு. மார்பில் வலியில்லாத கட்டி, தோலில் குழிவு, காம்பில் கசிவு எதைக் கண்டாலும் வலி வரட்டும் என்று காத்திருக்காமல் அந்த வாரமே போய்க் காட்டுங்கள்.