கீமோவுக்குப் பின் வீட்டில் வரும் தொல்லைகள்

கீமோதெரபி மருந்துகளில் பெரும்பாலானவை வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குபவை. புற்றுநோய்ச் செல்கள் அவ்வாறு பெருகுகின்றன. எலும்பு மஜ்ஜை, வாயின் உட்புறம், குடலின் உட்சுவர், மயிர்க்கால்கள் ஆகியவற்றிலும் செல்கள் ஓயாமல் பெருகிக்கொண்டிருப்பதால் மருந்து அவற்றையும் விடுவதில்லை. முடி கொட்டுவது, வாய் புண்ணாவது, வயிறு கெடுவது, ரத்த அணுக்கள் குறைவது எல்லாம் இப்படித்தான் நேர்கின்றன. காலையில் போய் மருந்து ஏற்றிக்கொண்டு மாலையில் திரும்பும் முறை பரவலாகிவிட்டதால், இத்தொல்லைகள் பெரும்பாலும் வீட்டில்தான் தலைகாட்டுகின்றன. எது எந்த நாளில் வரும் என்பதற்கு ஓரளவு ஒழுங்கு உண்டு. அதை அறிந்த குடும்பம் வீணாகக் கலங்காது. அவசரப்பட வேண்டிய நேரத்தில் தாமதிக்கவும் செய்யாது.

குமட்டலும் வாந்தியும் முதல் சில நாட்களுக்கு உரியவை. சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகளில் இவை கடுமையாக இருக்கும். 1990களின் தொடக்கத்தில் ஆன்டான்செட்ரான் என்ற வாந்தித் தடுப்பு மருந்து புழக்கத்துக்கு வந்தபின் நிலைமை பெரிதும் மாறியது. இப்போது அதனுடன் டெக்சாமெத்தசோன், அப்ரெபிட்டன்ட், ஒலன்சபைன் போன்றவற்றையும் தேவைக்கேற்பச் சேர்த்துத் தருகிறார்கள். வாந்தி வந்தபிறகு மாத்திரையைத் தேடுவதில் பயன் குறைவு. குமட்டல் இல்லாவிட்டாலும் எழுதிக்கொடுத்த நாட்கள் முழுதும் வேளை தவறாமல் எடுத்தால்தான் அது வராமல் தடுக்கும். இந்த மாத்திரைகளுக்கும் பக்கவிளைவு உண்டு. ஆன்டான்செட்ரான் மலச்சிக்கலையும் தலைவலியையும் தரலாம். டெக்சாமெத்தசோன் தூக்கத்தைக் கெடுக்கும், சர்க்கரையை ஏற்றும். நீரிழிவு உள்ளவர்கள் அந்த நாட்களில் சர்க்கரை அளவைக் கூடுதலாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாய்ப்புண் ஏறக்குறைய ஐந்தாம் நாளிலிருந்து தொடங்கும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் ஆப்பசோடாவும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்து, சாப்பிட்டபின்பும் படுக்கும் முன்பும் கொப்பளிப்பது எளிய, நல்ல வழி. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் எரிச்சலைக் கூட்டும். மென்மையான பிரஷ், காரமும் புளிப்பும் இல்லாத குழைந்த சாதம், ஆறிய கஞ்சி ஆகியவை அந்த வாரத்தைக் கடக்க உதவும். ஃபுளோரோயூராசில் மருந்தை ஊசியாக வேகமாகச் செலுத்தும்போது சுமார் அரைமணி நேரம் வாயில் ஐஸ் துண்டுகளை வைத்திருந்தால் புண் குறைகிறது. குளிர்ச்சியால் வாயின் ரத்த ஓட்டம் சுருங்கி, மருந்து அங்கே குறைவாகச் சேர்வதே காரணம். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் வெள்ளைத் திட்டுகள் படிந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்குத் தனி மருந்து வேண்டும்.

இந்த வரிசையில் சிறியது என்று எண்ணவே கூடாதது காய்ச்சல். பல மருந்துகளில் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரையிலான இடைவெளியில்தான் வெள்ளை அணுக்கள் மிகக் கீழே இறங்குகின்றன. அவற்றில் கிருமியை முதலில் எதிர்ப்பவை நியூட்ரோபில்கள். அவற்றின் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500க்குக் கீழே போனால், குடலிலும் தோலிலும் வழக்கமாக இருக்கும் கிருமிகளே ரத்தத்தில் பரவக்கூடும். எதிர்க்க அணுக்கள் இல்லாததால் சீழ் பிடிக்காது, வீக்கம் தெரியாது. காய்ச்சல் ஒன்றே அடையாளமாக இருக்கலாம். அதைப் பாரசிட்டமால் போட்டு இறக்கிவிட்டால் அந்த ஒரே அடையாளமும் மறைந்துபோகிறது. தெர்மாமீட்டர் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், இரவு எத்தனை மணியானாலும் சிகிச்சை தரும் மருத்துவமனையை அழைக்க வேண்டும். முடியாவிட்டால் பக்கத்தில் உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போய், கீமோ நடப்பதை வாசலிலேயே சொல்ல வேண்டும். நியூட்ரோபில் குறைந்த காய்ச்சலுக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற்றத் தொடங்குவதே மருத்துவமனைகளின் இலக்கு. காலைவரை பார்க்கலாம் என்ற தயக்கம் உயிரையே பறிக்கக்கூடியது.

வயிற்றுப்போக்கு இரினோடீகன், கேப்சிடபின் போன்ற மருந்துகளில் அதிகம். ஓஆர்எஸ் கரைசல் உடனே தொடங்கலாம். வழக்கத்தைவிட ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் போனால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மலச்சிக்கலுக்கு, அணுக்கள் குறைந்த நாட்களில், மருத்துவரைக் கேட்காமல் எனிமா வைக்கக் கூடாது. ஆசனவாயில் படும் சிறு கீறலும் கிருமிக்கு வழியாகும்.

பயமுறுத்தினாலும் தீங்கில்லாதவை சில. டாக்சோரூபிசின் ஏறியபின் ஓரிரு நாள் சிறுநீர் சிவந்து போவது மருந்தின் நிறம். வெள்ளை அணுக்களைக் கூட்டப் போடும் ஃபில்கிராஸ்டிம் ஊசிக்குப் பின் இடுப்பிலும் முதுகிலும் எலும்பு வலிப்பது மஜ்ஜை வேலை செய்வதால். மாறாக, ஒரு கால் மட்டும் வீங்குவது ரத்தக்கட்டாக இருக்கலாம். தோலில் சிவந்த சிறு புள்ளிகள் தோன்றுவதும் ஈறில் ரத்தம் கசிவதும் தட்டணுக்கள் குறைந்ததைக் காட்டலாம்; அப்போது ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் ரத்தக்கசிவைக் கூட்டும். மருந்து ஏறும்போதே ஊசி போட்ட இடம் எரிந்தால் அந்த நொடியே நர்ஸிடம் சொல்ல வேண்டும். சில மருந்துகள் ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் சதையை அரித்துவிடும்.

விரல் நுனிகள் மரத்துப்போவதைப் பலர் சொல்லாமலே விடுகிறார்கள். பாக்ளிடாக்சல், ஆக்சாலிபிளாட்டின், வின்கிரிஸ்டின் ஆகியவை நரம்பு மண்டலத்தைப் பாதிப்பவை. சட்டைப் பொத்தான் போடச் சிரமப்படும் நிலை வரும்வரை காத்திருந்தால் பாதிப்பு நிலைத்துவிடலாம். தொடக்கத்திலேயே தெரிந்தால் அளவை மாற்ற இடமிருக்கிறது. சொன்னால் சிகிச்சையை நிறுத்திவிடுவார்களோ என்ற அச்சமே இந்த மௌனத்துக்குப் பெரும்பாலும் காரணம். நடப்பது நேர்மாறானது. சொல்லாத வாய்ப்புண்ணால் சாப்பாடு இறங்காமல் எடை குறைந்து, அடுத்த சுற்று கீமோ, அதாவது அடுத்த சைக்கிள்தான் தள்ளிப்போகிறது.

தொல்லை தொடங்கிய நாள், நீடித்த நாட்கள், காய்ச்சலின் அளவு, போட்ட மாத்திரை ஆகியவற்றை வீட்டில் ஒருவர் ஒரு நோட்டில் எழுதிவைப்பது மிகவும் உதவும். அடுத்த சைக்கிளுக்கு முன் எடுக்கும் ரத்தப் பரிசோதனையோடு இந்தக் குறிப்பும் கையில் இருந்தால், மருந்தை அதே அளவில் தொடர்வதா, குறைப்பதா, ஒரு வாரம் தள்ளிவைப்பதா என்று மருத்துவர் முடிவெடுப்பது எளிதாகும்.